சுண்டெலி, வெளியே வா

அவளுக்கு நல்ல பேர் ஒன்று உண்டு. பிறந்தபோது யோசித்து வைத்த பேர். பள்ளிச் சான்றிதழ் முதல் சம்பளச் சீட்டு வரை ஒழுங்காக ஏறியிருக்கிற பேர். ஆனால் அதைச் சொல்லி அவளைக் கூப்பிட உலகத்தில் இரண்டே பேர்தான். ஒருவர் கணவர். இன்னொருத்தி வங்கியில் வரிசைப்படி ஆள் கூப்பிடும் பெண். அவளும் முகத்தைப் பார்க்காமல்தான் கூப்பிடுவாள். மற்றபடி அம்மா, அண்ணன், அலுவலகம், பக்கத்து வீடு, முன்பின் பார்த்திராத வெளிநாட்டு மனிதர்கள் என்று எல்லாருக்கும் அவள் சுண்டெலி. நாற்பதைத் தொடப்போகும், மூக்குக்கண்ணாடி போட்ட, வாட்டசாட்டமான பெண்ணுக்கு இப்படி ஒரு பேர். கேட்டவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு அவளை ஏற இறங்கப் பார்ப்பார்கள், பிறகு இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள்.

வீட்டில் வைத்த செல்லப்பேர் வீட்டோடு நின்றிருந்தால் அவள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். பாதிப் பேருக்கு இப்படி ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்கிறது; வயது ஏற ஏறத் தேய்ந்து மறைந்துவிடும். அவளுடையது தேயவில்லை. அவளுடைய அண்ணன் பதினைந்து வயதில் ஒரு கணினிமொழியை உண்டாக்கத் தொடங்கி, அதற்குத் தங்கையின் செல்லப்பேரையே வைத்துவிட்டார். பையன் ஏதோ விளையாட்டாகச் செய்கிறான் என்று இருந்தால், அது வளர்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மொழியாகி, பிறகு பஸ் கம்பெனி, சரக்குக் கிடங்கு, மருந்துக்கடை என்று நுழைந்து உட்கார்ந்துவிட்டது. பெரிய மொழி என்று பீற்றிக்கொள்ள முடியாது. ஆனாலும் நாலைந்து நாடுகளில் அதை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவளே அப்படிப் பிழைப்பு நடத்துகிறவள்தான்.

பஸ் கம்பெனியில் வேலை. கீழே பஸ்களைக் கழுவி நிறுத்தும் கொட்டகை, மூன்றாம் மாடியில் அலுவலகம். அவளுடைய அறைக்கு ஒரே ஜன்னல். யாரோ ஒரு புண்ணியவான் பெயின்ட் அடிக்கும்போது கதவையும் சட்டத்தையும் சேர்த்து அடித்துவிட்டதால் அது திறக்காது. எந்த டிரைவர் எந்த பஸ்ஸை எப்போது எடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற கணினி நிரலைக் கவனித்துக்கொள்வது அவள் பொறுப்பு. அந்த நிரல் எழுதப்பட்டிருப்பது சுண்டெலியில். ஆகவே காலையில் படியேறும்போதே காதில் விழும், சுண்டெலி இன்றைக்கும் மக்கர் பண்ணுகிறது என்று. டைம் கீப்பர் வாய்க்கு வந்தபடி திட்டுவார். சுண்டெலியைத் தூக்கிக் கடாசிவிட்டு வேறு ஏதாவது வாங்கித் தொலைக்கச் சொல்லுவார். அப்புறம் அவள் அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டு, "உங்கள இல்ல மேடம், அதைச் சொன்னேன்," என்பார். வருஷக்கணக்காக இதே நகைச்சுவை. அவளும் வருஷக்கணக்காகப் புன்னகைக்கிறாள். அந்தப் புன்னகைக்கே கம்பெனி தனியாகச் சம்பளம் போட்டிருக்கலாம்.

இதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறொன்று. எந்தக் கணினிமொழியைக் கற்கிறவரும் முதலில் திரையில் ஒரு வரியைத் தோன்ற வைத்துப் பார்ப்பார்கள். வழக்கமாக அது ஏதாவது ஒரு வணக்கமாக இருக்கும். சுண்டெலி கற்கிறவர்கள் வரவழைக்கும் வரி வேறு. "சுண்டெலி, வெளியே வா." அண்ணன் எழுதிய முதல் நிரல் அந்த வரியைத்தான் காட்டியது என்பதால் அதுவே வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அது உயிர். வரி சரியாக வந்துவிட்டால் கை தட்டுவார்கள், படம் பிடித்து அனுப்புவார்கள். அந்தப் படங்கள் எல்லாம் வந்து சேருவது அவளிடம். ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் அவள் உடனே எழுந்துபோய், ஏற்கனவே திறந்திருக்கிற கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்துவைப்பாள். வீட்டில் குளியலறைக்குக்கூடத் தாழ்ப்பாள் கிடையாது. கல்யாணமான புதிதில் கணவரே ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்துவிட்டார். காரணம் அவருக்கு மட்டும் தெரியும்.

படங்கள் ஏன் அவளிடம் வருகின்றன என்று கேட்டால், அவள்தான் அந்த மொழிக்குக் காப்பாளர். அது ஒரு தனிக்கூத்து.

அவளுக்கு முன்னால் காப்பாளராக இருந்த அண்ணன் கெட்டிக்காரர். அதில் இரண்டு கருத்து இல்லை. கெட்டிக்காரர்களுக்கு வருகிற வியாதி அவருக்கும் இருந்தது. அடுத்தவர் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார். மொழியில் ஏதாவது மாற்றம் வேண்டுமென்று யாராவது, இணையத்தில் எல்லாரும் கூடிப் பேசுகிற பொதுப்பலகையில் எழுதினால், அன்று சாயங்காலத்துக்குள் எழுதியவரை ஒருவழி பண்ணிவிடுவார். எழுதியவர் அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். இப்படியே போனால் மொழியும் இருக்காது, ஆட்களும் இருக்க மாட்டார்கள் என்று எல்லாரும் புலம்பியபோது, ஒரு விதியை எழுதிக்கொடுத்தவள் அவள்தான். யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம். ஒரு மாதம் எல்லாரும் பேசலாம். காப்பாளர் மட்டும் பேசக்கூடாது. சாடைமாடையாகக்கூடத் தன் மனசைக் காட்டக்கூடாது. மாதம் முடிந்ததும் கைகளை எண்ணி முடிவை அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாரும் ஒரு மனதாகக் கை தூக்கினார்கள். அண்ணன் பொருமிக்கொண்டு, என் வாயைத் தைக்க என் தங்கச்சியே ஊசி எடுத்துவிட்டாள் என்று எழுதிவிட்டு விலகிப் போனார். ரயிலில் அரை நாள் தூரத்தில் ஒரு செடிப்பண்ணை வைத்து ரோஜாப் பதியன் விற்கிறார், நிம்மதியாகத்தான் இருக்கிறார். காலியான நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். சுண்டெலியைச் சுண்டெலி பார்த்துக்கொள்வதைவிடப் பொருத்தம் வேறென்ன இருக்கிறது என்றார்கள். முடியாது என்று சொல்லத் தெரியாத சுபாவம் அவளுக்கு. உட்கார்ந்தாள். எழுந்திருக்க வழி தெரியாமல் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இந்த நிலைமையில்தான் ஆஸ்பத்திரி இன்ஜினியர் ஒருவர் பொதுப்பலகையில் அந்த யோசனையை எழுதினார். மொழியின் பேரை மாற்றினால் என்ன?

நல்ல மனுஷர், நிதானமாகக் காரணம் சொல்லியிருந்தார். நோயாளியின் உடம்பில் மருந்து எத்தனை சொட்டு இறங்குகிறது என்று பார்த்துக்கொள்கிற கருவி ஒன்றுக்கு அவர் சுண்டெலியில் நிரல் எழுதியிருக்கிறார். அதைப் பெரிய டாக்டர்கள் கூட்டத்தில் காட்டினார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் தலைமை டாக்டர், இது எதில் ஓடுகிறது என்று கேட்டார். இவர் பேரைச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குள் எலி நடமாட்டமா என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்த சிரிப்பில் கருவியை மறந்துபோய்விட்டது. மொழியில் ஒரு குறையும் இல்லை, பேர்தான் காலை வாருகிறது என்று முடித்திருந்தார்.

அவள் அதைத் திறக்காத ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். இத்தனை வருஷத்தில் இது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் தானே கேட்பது எப்படி? இப்போது, அவள் கேட்காமலே, யாரோ ஒருவர் வெளியிலிருந்து கதவுக் கொக்கியில் கை வைத்த மாதிரி இருந்தது. பேர் மாறினால் அந்த வரியும் மாறும். படங்கள் வராது. டைம் கீப்பர் வேறு எதையாவது திட்டிக்கொள்வார். அம்மா கூப்பிடுவதை நிறுத்த முடியாதுதான். ஆனால் அது ஒரு வீட்டுக்குள் ஒரு கிழவி கூப்பிடுவது, அது தேய்ந்து போகும்.

முதல் வாரம் காற்று நன்றாகவே அடித்தது. கிடங்குக்காரர்கள் மாற்றலாம் என்றார்கள். மருந்துக்கடைக்காரர்கள் மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். புதுப் பேருக்கு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மின்னல் என்றார் ஒருவர். சிகரம் என்றார் இன்னொருவர். ஒரு மகானுபாவர் கூச்சநாச்சமே இல்லாமல் தன் மகள் பேரைச் சொன்னார். அதைப் படித்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பெண்ணுக்கு என்ன வயசோ, பாவம், என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ பாட்டை முனகுவதைக் கேட்டுவிட்டுக் கணவர் தலையை நீட்டிப் பார்த்தார். அவர் பல் செட் செய்கிறவர். முன்னறையில் ஒரு மேஜை போட்டு நாள் முழுக்க மற்றவர்களின் பல்லை அரத்தால் ராவிக்கொண்டிருப்பார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் சந்தோஷம்தான். கூடவே இருக்கும் அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. வைத்த பேரை மாற்றுகிறார்களாம், என்ன பேச்சு இது, என் பிள்ளை ஆசைஆசையாக வைத்த பேரில்லையா என்று நாள் முழுக்க நொடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வாரம் கணக்கு டீச்சர் எழுதினார். எங்கேயோ தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சுண்டெலி சொல்லிக்கொடுக்கிறவர். மனசு நிறைய அன்பு. அந்த அன்புதான் அவளைக் கவிழ்த்தது. ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில், மொழியின் இணையதளத்தில் இருக்கும் 'பேர் வந்த கதை' பக்கத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதாகவும், அண்ணன் தங்கைப் பாசம் என்றால் இதுதான் என்று தனக்கே கண் கலங்கிவிடும் என்றும் எழுதியிருந்தார். முடிவில், காப்பாளர் அக்கா பாவம், விதிப்படி அவங்க வாயே திறக்கக்கூடாது, தன் பேரை எல்லாரும் சேர்ந்து பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவங்களுக்கு எப்படி இருக்கும் என்று யாராவது யோசித்தீர்களா என்று கேட்டிருந்தார்.

யாரும் யோசித்திருக்கவில்லை. இப்போது எல்லாரும் யோசித்தார்கள், மடமடவென்று யோசித்தார்கள். நேற்று வரை மின்னல் என்றவர் சுண்டெலியே இருக்கட்டும் என்றார். கிடங்குக்காரர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அண்ணன்கூடப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பலகைக்கு வந்து, என் தங்கச்சி பேர் மேல் கை வைக்காதீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். அதற்கு விழுந்த கைதட்டலை எண்ண முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, யோசனையைக் கொண்டுவந்த ஆஸ்பத்திரி இன்ஜினியரே அவளுக்குத் தனியாக எழுதினார். உங்களைப் புண்படுத்துகிறோம் என்று உறைக்கவே இல்லை மேடம், மன்னித்துவிடுங்கள், எங்கள் டாக்டர்களை நான் எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன் என்று. அதைப் படித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. வேண்டாம், சமாளிக்காதீர்கள் என்று பதில் எழுதக் கை துடித்தது. சாடைமாடையாகக்கூடக் காட்டக்கூடாது. அவளே எழுதிய விதி.

"விதியாவது மண்ணாங்கட்டியாவது," என்றார் கணவர். "எனக்கு இந்தப் பேர் வேண்டாம்னு ஒரு வரி எழுதிப் போடேன். யார் உன்னத் தூக்குல போடப் போறாங்க?"

"அண்ணாவ அந்த விதியச் சொல்லித்தானே வெளிய அனுப்பினேன். இப்ப எனக்குன்னு வந்ததும் மீறினா, நான் வேணும்னே அவரத் துரத்தின மாதிரி ஆயிடாதா?"

"சரி, காரணம் கேப்பாங்க. உண்மையச் சொல்லிடு."

உண்மை. அதைச் சொல்வதென்றால் முதலில் 'பேர் வந்த கதை' பச்சைப்பொய் என்று சொல்ல வேண்டும். அதையும் எழுதியது அவள்தான்.

பொய் எப்படிப் போகிறது என்றால்: விடுமுறை நாட்களில் அண்ணன் தெருமுனை அச்சகத்துக்குப் போவார், அங்கே இருந்த பழைய கணினியைத் தொட அச்சகக்காரர் விடுவார். தங்கையும் கூடவே போய் மேஜைக்கு அடியில் சத்தமே போடாமல் எலிக்குட்டி மாதிரி உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அண்ணன் தானே உண்டாக்கிய மொழியில் முதல் வரியை ஓடவிட்டார். திரையில் "சுண்டெலி, வெளியே வா" என்று வந்தது. தங்கை வெளியே வந்து பார்த்துச் சிரித்தாள். மொழிக்குப் பேர் கிடைத்தது. யாரோ ஒருவர் பேருக்குக் காரணம் கேட்டு, அண்ணன் பதில் போடாமல் விட்டபோது, அவள் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து இதை எழுதி மெழுகிவைத்தாள்.

நடந்தது வேறு. அவர்களுடைய அப்பாவுக்குக் கோபம் வந்தால் கையில் கிடைத்தது பறக்கும். அம்மா துணிக்கடை வேலைக்குப் போயிருப்பாள். அப்பாவின் குரல் ஏறத் தொடங்கியதும் அண்ணன் தங்கையைத் தூக்கி, ஸ்டூல்மேல் ஏறி, படுக்கையறைப் பரணில் பழைய மெத்தைக்குப் பின்னால் செருகிவிடுவார். பரணுக்கு இரண்டு மரக்கதவு. சாத்தினால் தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் வெளியே கொக்கி போட வேண்டும். "சுண்டெலி மாதிரி சத்தம் போடாம இரு. அப்பா வெளிய போனதும் நான் வந்து கூப்பிடறேன்." அப்பா போனதும் வந்து கொக்கியை எடுத்துவிட்டுச் சொல்லுவார், சுண்டெலி, வெளியே வா என்று. எட்டு வயசுக்காரிக்கு உலகத்திலேயே பிடித்த வரி அது. தன்னை அடியிலிருந்து காப்பாற்ற அண்ணன் கண்டுபிடித்த ஒரே வழி அது என்று அவளுக்கு அப்போதே தெரியும். அதனால்தான் இன்று வரை அவரை முழுசாக வெறுக்க முடியவில்லை.

அந்த ஒருநாள் அண்ணன் அவளைப் பரணில் வைத்தார், கொக்கி போட்டார், கத்திக்கொண்டிருந்த அப்பாவிடம் பிடிபடாமல் தப்பித்து அச்சகத்துக்கு ஓடினார். பல நாளாக ஓடாத நிரல் அன்றைக்கென்று ஓடியது. அவர் உலகத்தையே மறந்தார். அப்பாவின் குரல் ஓய்ந்து, வெளிக்கதவு சாத்தப்பட்டு, வீடு அமைதியான பிறகும் அவள் சத்தம் போடாமல் இருந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை. மெத்தைப் பஞ்சு மூக்கில் ஏறியது. கதவிடுக்கில் வந்த வெளிச்சம் சுவரில் நகர்ந்து நகர்ந்து காணாமல் போனது. பாவாடை நனைந்தது. அவள் ஒரு வரிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் அண்ணன் அதே வரியைத் தெருமுனையில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்ப வரவழைத்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கதவு திறந்தது. திறந்தது அண்ணன் இல்லை.

இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அப்பா போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. போனவர்கள் எல்லாரும் ஆகிற மாதிரி அம்மாவுக்கு இப்போது அவர் தங்கமான மனுஷன். அண்ணனோ, ஊரே கொண்டாடும் அண்ணன். கணக்கு டீச்சரின் பிள்ளைகள் கை தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவள் மென்று முழுங்கினாள். மாதம் முடியும்வரை இடித்த புளி மாதிரி உட்கார்ந்து, தன் பேருக்காக மற்றவர்கள் உருகுவதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் மத்தியானம், முடிவை அறிவிப்பதற்கு முன்னால், அண்ணன் போன் செய்தார். பண்ணையில் குழாய்த்தண்ணீர் சளசளவென்று விழும் சத்தம் பின்னால் கேட்டது.

"பாத்தியா சுண்டெலி? ஊரே உன் பக்கம்தான்."

அவள் அறையில் வேறு யாரும் இல்லை. கதவு அகலத் திறந்திருந்தது. என்ன நினைத்தாளோ, அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கா அண்ணா என்று கேட்டுவிட்டாள்.

"இல்லாம எப்படி? நீ மேஜைக்கு அடியில உக்காந்திருந்தே. சத்தமே இல்ல. நான் அந்த வரிய ஓடவிட்டுட்டு உன்னக் கூப்பிட்டேன். வெளிய வந்து பாத்துட்டுச் சிரிச்சே. நேத்து நடந்த மாதிரி இருக்கு எனக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. குரலில் அவ்வளவு கனிவு. அவள் எழுதிய பக்கத்தை எத்தனையோ தடவை படித்துப் படித்து, அதையே நடந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். தனக்கென்று இருந்த ஒரே சாட்சியையும் அவளே அழித்துவைத்திருக்கிறாள்.

"அது நான் எழுதினது அண்ணா," என்றாள். "மேஜை, சிரிப்பு எல்லாம் நான் எழுதினது. நான் அங்க இல்ல. நீ என்னப் பரண்ல வச்சுக் கொக்கி போட்டுட்டுப் போயிட்டே. வந்து கூப்பிடறேன்னு சொன்னே. வரல."

அவர் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"அப்போ உன்ன யாரு எடுத்தது?"

"அப்பா."

வெளியே போய்த் திரும்பி வந்த அப்பா பழைய பெட்டி ஒன்றைத் தேடிப் பரண் கதவைத் திறந்தார். இருட்டில் இரண்டு கண்ணைப் பார்த்தார். கையை நீட்டி அவளைத் தூக்கி இறக்கினார், முகத்தைக் கழுவிவிட்டார், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். ஏன் அங்கே இருக்கிறாய் என்று கேட்கவே இல்லை. அவருக்குத் தெரிந்துபோயிருக்க வேண்டும். அன்றைக்கு அவர் அடித்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாரிடமிருந்து ஒளித்துவைத்தார்களோ அவரே வந்து எடுத்தார் என்பதை எந்தக் கணக்கில் வைப்பது என்று அவளுக்கு இன்று வரை தெரியவில்லை. இது எதையும் போனில் சொல்லவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

அவள் கைகளை எண்ணினாள். எண்ணவே வேண்டியிருக்கவில்லை. "மொழியின் பேர் தொடரும்," என்று அறிவித்து, வழக்கப்படி அடியில் தன் பேரைப் போட்டாள். சுண்டெலி. பலகை முழுக்கப் பூவும் இதயமும் கொட்டியது. கணக்கு டீச்சர் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் உட்காரவைத்து, எல்லாத் திரையிலும் அந்த வரியை ஓடவிட்டு, ஒரே படமாக எடுத்து அனுப்பியிருந்தார். அறை நிறையத் திரைகள், ஒவ்வொன்றிலும் அவளை வெளியே கூப்பிடுகிற வரி. அவள் எழுந்துபோய் ஜன்னல் சட்டத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பெயின்ட் கொஞ்சம் உதிர்ந்தது, கதவு அசையவில்லை.

அவள் கையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அன்று வீட்டுக்குக் கிளம்பும் முன் 'பேர் வந்த கதை' பக்கத்தை அழித்தாள். அவள் எழுதியது, அவள் அழிக்கலாம். ஆனால் இந்தக் கூட்டத்துக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. எதையும் தொலையவிட மாட்டார்கள்; ஒவ்வொரு பக்கத்துக்கும் எங்கேயாவது ஒரு பிரதி வைத்திருப்பார்கள். மறுநாள் காலை பக்கம் பழையபடி இருந்தது. கூடவே யாரோ ஒரு நல்லவரின் குறிப்பு: தவறுதலாக அழிந்துபோயிருந்தது, சரிசெய்துவிட்டேன், கவலைப்படாதீர்கள். அவள் அதற்கு நன்றி என்று பதில் போட்டாள். வேறென்ன போடுவது?

அடுத்த விடுமுறை நாளன்று மத்தியானம். கணவர் முன்னறையில் யாருடைய கடைவாய்ப் பல்லையோ ராவிக்கொண்டிருந்தார். அம்மா வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் யாரோ வந்த சத்தம், அம்மாவின் சந்தோஷக் குரல், ஏன்டா சொல்லாமல் கொள்ளாமல் வந்தாய் என்ற கேள்வி எல்லாம் காதில் விழுந்தன. அண்ணன் வந்திருக்கிறார் என்று புரிந்தது. கை அப்படியே நின்றது.

அப்புறம் யாரோ ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வங்கியில் வரிசையில் கூப்பிடுகிற மாதிரி, தயங்கித் தயங்கி, பழக்கமில்லாத வாயால். அவள் யாரையோ என்று இருந்துவிட்டாள். மறுபடியும் அதே பேர். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. ராவுகிற சத்தம் நின்றது. கணவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டார் போலிருக்கிறது. அவள் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிடப்பட்டவள் போய்ப் பதில் சொல்லட்டும் என்று காத்திருப்பதைப் போலக் காத்திருந்தாள். முப்பது வருஷத்தில் அண்ணன் வாயிலிருந்து அவள் கேட்டிராத பேர் அது. அவளுடையதுதான்.

மூன்றாம் தடவையும் கூப்பிட்டார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"காது அடைச்சுப்போச்சா? உன்னத்தாண்டி கூப்பிடறான்," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "சுண்டெலி, வெளிய வா."

அவள் துணியைக் கட்டிலில் வைத்துவிட்டு, எழுந்து, வெளியே வந்தாள்.